ரிப்போர்ட் நோர்மல், குளிசையை விடலாமா?

"போன மாசம் பார்த்தனான், கொலஸ்ட்ரோல் நோர்மல். இனி அந்தக் குளிசை வேண்டாம், பிரஷர் குளிசையை மட்டும் தாங்கோ." வெள்ளவத்தை பாமசிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ரிப்போர்ட்டை நோர்மலாக்கியதே அந்தக் குளிசைதான்.

அட்டோவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மருந்துகள், ஈரல் கொலஸ்ட்ரோல் தயாரிக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியத்தைத் தடுக்கின்றன. கையிருப்பு குறைந்ததும் ஈரல் கலங்கள் இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரோலை அதிகமாக உள்ளே இழுக்கும். குளிசையை நிறுத்தினால் நொதியம் மறுபடி வேலையைத் தொடங்கும். சில வாரங்களில் எல்.டி.எல். பழைய அளவுக்கே ஏறிவிடும். அஸ்பிரினும் அப்படித்தான். இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளை அது முடக்குகிறது. நிறுத்தினால், முடங்கியவை ஏழு முதல் பத்து நாளில் அழிந்து, இரத்தக் கட்டியை உண்டாக்கக்கூடிய புதியவை வந்துவிடும்.

இதில் எதுவும் உடம்புக்குத் தெரியாது. தலையிடிக்குப் பனடோல் போட்டால் கொஞ்ச நேரத்தில் சுகம் தெரிகிறது. இங்கே கிடைக்கும் பலனோ, வராமல் போன மாரடைப்பு. அதை யார் கண்டார்? நீண்டகால மருந்துகளை வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. ஆகவே நோயாளியை ஏசிப் பயனில்லை.

பக்கவிளைவுப் பயம் இன்னொரு காரணம். பிரித்தானியாவில் ஸ்டாட்டின் ஒத்துவரவில்லை என்று விட்டவர்கள் 60 பேருக்கு, சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் மருந்தில்லாத வெற்றுக் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவின்படி, ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொல்லையில் சுமார் 90 வீதம் வெற்றுக் குளிசையிலும் வந்தது. நோவு பொய்யில்லை, ஆனால் பெரும்பாலும் மருந்தால் வந்ததில்லை. இதைக் காட்டியபின் பாதிப்பேர் திரும்பவும் எடுக்கத் தொடங்கினார்கள். சிலருக்கு உண்மையாகவே தசைநோவு வரும். அவர்களுக்கு அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது குளிசைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. இலங்கையில் 700 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்று பிரஷர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 70 வீதமானோருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 வீதம்தான். 2018இல் வந்த முடிவு இது. அஸ்பிரின், பிரஷர் மருந்தான ராமிப்ரில், அட்டோவாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த ஒரே குளிசை, மாரடைப்பு வந்தவர்களுக்கு அடுத்த பெரிய ஆபத்துகளை வழக்கமான சிகிச்சையைவிட 24 வீதம் குறைத்ததாக 2022இல் ஐரோப்பாவிலிருந்து செய்தி வந்தது. அதை எடுத்தவர்கள் மருந்தையும் ஒழுங்காக எடுத்தார்கள்.

அப்படியான ஒரே குளிசை கிளினிக்குக்கு வரும்வரை சின்ன வழிகள் உண்டு. கடதாசி உறையில் எழுதியிருப்பது விளங்காவிட்டால், வீட்டுக்கு வந்ததும் எது என்ன குளிசை, எப்போது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். காலைக் குளிசையைத் தேத்தண்ணி நேரத்தோடு சேர்த்து எடுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போவதென்றால் மருந்து முடியும் திகதியை முதலே பாருங்கள். அப்புறம், விட்ட குளிசையை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால், மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். கூட்டியதை நீங்கள் ஒழுங்காக எடுக்கத் தொடங்கும்போது பிரஷர் மளமளவென்று இறங்கித் தலைசுற்றி விழவும் கூடும்.