குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கும் விளக்கு

பிறந்து பதினெட்டு நாளான குழந்தை. படமெடுப்பதற்காகக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்திருந்தோம். பிள்ளைக்கு வியர்க்கிறதே என்று பாட்டி மின்விசிறியைப் போட்டார். ஃபிளாஷ் ஒளியைப் பரப்ப நான் மாட்டியிருந்த குடை காற்றை வாங்கிக்கொண்டது. ஃபிளாஷோடு ஸ்டாண்டு சாய்ந்தது. நான் எட்டிப் பிடித்தபோது குடைக் கம்பிக்கும் குழந்தையின் தலைக்கும் ஒரு சாண் இடைவெளிதான். பாட்டி மேல் தவறில்லை. ஏழடி உயரும் என்பதை மட்டும் பார்த்து, ஒரு கிலோகூட இல்லாத அலுமினிய ஸ்டாண்டை வாங்கியவன் நான்.

வீட்டில் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் பலர் பணத்தையெல்லாம் லைட்டில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஒரு ஸ்டாண்டு வாங்குகிறார்கள். ரிங் லைட்டோடு வந்த ஸ்டாண்டிலேயே, ஒளியை மென்மையாக்கும் துணிப் பெட்டியான சாஃப்ட்பாக்ஸையும் ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் அதன் உச்சியில் கால் அங்குலத் திருகு மட்டுமே இருக்கும். ஸ்டுடியோ ஃபிளாஷ் உட்கார 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோக முனை வேண்டும்.

உயரத்துக்கு மயங்காதீர்கள். பத்தடிக் கூரையில் விசிறி சுற்றும் வீட்டில் ஒன்பதடி ஸ்டாண்டால் என்ன பயன்? கால்கள் எவ்வளவு விரிகின்றன என்று கடையிலேயே விரித்துப் பாருங்கள். நடுத்தண்டு தரையைத் தொடக் கூடாது. தொட்டால் கால்கள் தரையில் பாவாமல் ஸ்டாண்டு ஆடும். உயர்த்தும்போது தடித்த குழாயை முதலில் இழுங்கள், மெல்லியது கடைசியில். சாஃப்ட்பாக்ஸ் எந்தப் பக்கம் கனக்கிறதோ அந்தப் பக்கம் ஒரு கால் நீண்டிருக்கட்டும். கனம் இரண்டு கால்களின் நடுவே வந்தால் அப்படியே கவிழும்.

மணல் மூட்டை இல்லையென்றால் ஐந்து கிலோ அரிசிப் பை போதும். பை காலின் மேல் தொங்க வேண்டும். தரையில் படுத்துவிட்டால் அதன் எடை ஸ்டாண்டுக்கு உதவாது.

குழந்தைகளைப் படமெடுக்க நான் இப்போது சி ஸ்டாண்டு எனப்படும் கனமான எஃகு ஸ்டாண்டு தவிர வேறெதையும் கொண்டுபோவதில்லை. தூக்கிச் செல்லத் தோள் வலிக்கும், உண்மைதான். ஆனால் கால்கள் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் கட்டிலுக்கு அடியிலும் ஒன்று நுழையும். விளக்கைத் தாங்கும் குறுக்குக் கையை மாட்டும்போது அதை இறுக்கும் குமிழ் உங்களைப் பார்த்திருக்க, விளக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்போது கனத்தால் கை இறங்கப் பார்த்தாலும் திருகு இறுகும். இடப்பக்கம் வைத்தால் அதே கனம் திருகைத் தளர்த்திவிடும். இத்தனை செய்தாலும் குழந்தைக்கு நேர் மேலே விளக்கைத் தொங்கவிட மாட்டேன். ஜன்னல் பக்கமாகச் சாய்த்து வைத்தாலே ஒளி அழகாக விழும்.

ஒயரை ஸ்டாண்டின் அடிக்காலில் ஒரு சுற்றுச் சுற்றித் தரையோடு டேப் ஒட்டிவிடுங்கள். யார் கால் தடுக்கினாலும் இழுப்பு அடியில் விழும், உச்சிக்குப் போகாது.

விசிறி ஸ்விட்சின் மேலும் ஒரு துண்டு டேப் ஒட்டுகிறேன். கேமரா பையைத் திறப்பதற்கு முன்பே, வீட்டாரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு.