பாட்டுக் கோப்பின் அட்டைப்படம் எங்கே இருக்கிறது?

ஒரே பாட்டுக் கோப்பை ஒரே கணினியில் மூன்று மென்பொருள்களில் திறந்து பார்த்தால், ஒன்றில் அந்தப் பாட்டு இடம்பெற்ற திரைப்படத்தின் அட்டை தெளிவாக வரும்; இன்னொன்றில் சாம்பல் நிறக் கட்டத்துக்குள் ஓர் இசைக்குறி மட்டும் தெரியும்; மூன்றாவதில் சம்பந்தமே இல்லாத வேறொரு திரைப்படத்தின் அட்டை வந்து நிற்கும். கோப்பில் எந்த மாற்றமும் நிகழவில்லை. அட்டைப்படத்தை எங்கே தேடுவது என்பதில்தான் அந்த மூன்று மென்பொருள்களும் வேறுபடுகின்றன. பாட்டுக் கேட்க எந்த பிளேயர் நல்லது என்று கேட்டால், பெரும்பாலோர் ஒலித்தரத்தை வைத்தே பதில் சொல்கிறார்கள். ஆனால் ஒலியைக் கூட்டவோ மாற்றவோ செய்யும் வசதிகளை அணைத்துவிட்டால், ஒரே எம்பி3 கோப்பை எந்த நல்ல பிளேயரில் போட்டாலும் காதுக்கு வரும் ஒலியில் வேறுபாடு கண்டுபிடிப்பது அரிது. உண்மையான வேறுபாடு, பாட்டைப் பற்றிய தகவலையும் படத்தையும் அந்த மென்பொருள் எப்படி நடத்துகிறது என்பதில் இருக்கிறது.

'ஆல்பம்' என்ற சொல்லே உறையிலிருந்து வந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிட இசையே அடங்கியதால், நீண்ட படைப்புகளைப் பல தட்டுகளில் பதிந்து, புகைப்பட ஆல்பம் போலத் தைத்த ஒரு புத்தகத்தில் வைத்து விற்றார்கள். அந்தப் புத்தகத்தின் அட்டை பெரும்பாலும் வெறும் பழுப்பு அல்லது சாம்பல் நிறமாகவே இருந்தது. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் வடிவமைப்பாளர் 1940இல் அதன்மேல் படம் வரைந்து அச்சிடலாம் என்று முன்வைத்த பிறகே, இசைக்கு ஒரு முகம் கிடைத்தது.

எம்பி3 வந்தபோது அந்த முகம் தொலைந்துபோனது. 1993இல் வெளியான அந்தத் தரநிலை ஒலியை எப்படிச் சுருக்குவது என்பதை மட்டுமே சொன்னது. எம்பி3 கோப்பு என்பது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய சின்னஞ்சிறு ஒலித்துண்டுகளின் வரிசை. குறுந்தகட்டின் ஒலித்தரத்தில் ஒவ்வொரு துண்டும் ஒரு நொடியில் ஏறத்தாழ 38இல் ஒரு பங்கு நேரமே ஒலிக்கும். பாட்டின் பெயரை எழுதக்கூட அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.

இந்தக் குறையை 1996இல் எரிக் கெம்ப் என்பவர் எளிமையாகத் தீர்த்தார். கோப்பின் கடைசியில் 128 பைட்டுகளை ஒட்டினார். முதல் மூன்று பைட்டுகள் 'இங்கே டேக் (பாட்டைப் பற்றிய தகவல் பகுதி) தொடங்குகிறது' என்று அறிவிக்கும்; பிறகு பாட்டின் பெயர், கலைஞர், ஆல்பம் ஆகியவற்றுக்குத் தலா 30, ஆண்டுக்கு 4, குறிப்புரைக்கு 30, இசை வகைக்கு ஒரே ஒரு பைட். ஐடி3 என்று பெயர்பெற்ற இந்த முறை லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்து அமைந்தது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் தேவை. 'கு' என்று எழுத, ககரத்துக்கு மூன்றும் உகரக் குறிக்கு மூன்றுமாக ஆறு போய்விடும். அதாவது, அந்த 30 பைட்டுகளில் தமிழ்ப் பாட்டின் முதல் அடியைக்கூட முழுமையாக எழுத முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் படத்தை வைப்பது பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

1998இல் வந்த ஐடி3யின் இரண்டாம் பதிப்பு, பெயரில்தான் முந்தையதன் தொடர்ச்சி. அமைப்பில் முற்றிலும் வேறு. அது கோப்பின் தொடக்கத்தில் அமர்கிறது. அதற்குள் பெட்டிகள் போலத் தனித்தனிச் சட்டங்கள் (ஃபிரேம்கள்) இருக்கின்றன. ஒவ்வொரு சட்டமும் தன் பெயரையும் தன் நீளத்தையும் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு உள்ளடக்கத்தைத் தருகிறது. படத்துக்கென ஒரு சட்டம் உண்டு. அதில் முதலில் இது ஜேபெக் படமா, பிஎன்ஜி படமா என்ற குறிப்பு. அடுத்து இது எந்த வகைப் படம் என்று காட்டும் ஓர் எண். பிறகு ஒரு சிறு விளக்கம். இறுதியாக, கணினி வட்டில் தனிக்கோப்பாக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே முழுப் படமும். எண் 3 என்றால் முன் அட்டை, 4 என்றால் பின் அட்டை, 6 என்றால் தட்டின் மேல் அச்சான படம். இப்படி 0 முதல் 20 வரை செல்லும் பட்டியலில் 17ஆம் எண்ணுக்கு 'பளிச்சென்ற நிறமுள்ள ஒரு மீன்' என்று எழுதியிருக்கிறார்கள். பின்னர் வந்த ஃபிளாக் என்ற ஒலிக்கோப்பு வடிவமும் இதே பட்டியலை எடுத்துக்கொண்டதால், அந்த மீன் அதிலும் நீந்துகிறது.

படத்தை ஒலிக்கு முன்னால் வைப்பதில் ஓர் ஆபத்து இருந்தது. அதை இந்தப் பதிப்பை வகுத்தவர்கள் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கணினி எதையும் சுழியம், ஒன்று என்ற பிட்டுகளாகவே எழுதுகிறது; எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எம்பி3யின் ஒவ்வொரு ஒலித்துண்டும் தொடர்ச்சியான பதினொரு ஒன்றுகளோடு தொடங்குகிறது. டேக்கைப் பற்றி எதுவும் அறியாத பழைய பிளேயர், கோப்பை முதலிலிருந்து படித்துக்கொண்டே வந்து, பதினொரு ஒன்றுகளைக் கண்டதும் அதுதான் இசை என்று எண்ணி இயக்கத் தொடங்கும். வழக்கமான ஜேபெக் படத்தின் முதல் நான்கு பைட்டுகளோ பெரும்பாலும் 255, 216, 255, 224 என்று இருக்கும். 255 என்பது எட்டு ஒன்றுகள். 224 என்பது மூன்று ஒன்றுகளோடு தொடங்கும் எண். இரண்டும் சேர்ந்தால் சரியாகப் பதினொன்று. ஆக, அட்டைப்படத்தின் வாசலிலேயே 'இங்கே இசை' என்ற பொய்யான பலகை தொங்குகிறது. இதைத் தவிர்க்க, அப்படிப்பட்ட இடங்களில் 255க்கு அடுத்து ஒரு சுழியத்தைச் செருகி, படிக்கும்போது எடுத்துவிடும் வழியை அந்தத் தரநிலை அளித்தது. டேக்கின் மொத்த நீளத்தைச் சொல்லும் நான்கு பைட்டுகளிலும் எட்டாவது பிட்டை எப்போதும் சுழியமாகவே விட்டுவைத்தார்கள். ஆகவே நீள எண்ணே தவறான சமிக்ஞையாக மாறாது. எஞ்சிய 28 பிட்டுகளில் 256 மெகாபைட் வரை எழுதலாம் என்பதால் இழப்பும் ஒன்றுமில்லை. இன்றைய பிளேயர்கள் நீளத்தைப் படித்து அத்தனை பைட்டுகளையும் தாண்டிக் குதித்துவிடுவதால், சுழியம் செருகும் தேவை பெரும்பாலும் மறைந்துவிட்டது.

கோப்புக்குள் படத்தை வைப்பதற்கு விலையும் உண்டு. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் பதிந்த ஐந்து நிமிடப் பாட்டு 4.8 மெகாபைட் அளவே இருக்கும். அதற்குள் 3 மெகாபைட் படத்தைத் திணித்தால், கோப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு படமாகிவிடும். ஓர் ஆல்பத்தில் ஆறு பாட்டுகள் இருந்தால் அதே படம் ஆறு முறை வட்டில் இடம்பிடிக்கும்.

இந்தச் செலவைத் தவிர்க்க விரும்பியவர்கள் கோப்புறையில் ஒரே ஒரு படத்தை வைத்தார்கள். 'ஃபோல்டர்', 'கவர்', 'ஃப்ரண்ட்' ஆகிய பெயர்களில் ஒன்றைச் சூட்டிய ஜேபெக் படம் இருந்தால், பல பிளேயர்கள் அதையே அந்தக் கோப்புறையின் எல்லாப் பாட்டுகளுக்கும் அட்டையாகக் கொள்ளும். விண்டோஸ் மீடியா பிளேயர் இப்படி 200 பிக்சல் அகலப் படத்தையும் 75 பிக்சல் அகலச் சிறுபடத்தையும் மறைவுக் கோப்புகளாகத் தானே எழுதி வைத்தது. பல திரைப்படங்களின் பாட்டுகளை ஒரே கோப்புறையில் கொட்டி வைத்திருப்பவர்களுக்கு எல்லாப் பாட்டுக்கும் ஒரே அட்டை வருவதன் காரணம் இதுவே. லினக்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு: அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதால், பெயரின் முதல் எழுத்து மாறினாலே சில மென்பொருள்களுக்குப் படம் தெரியாமல் போகும்.

மூன்றாவது இடம் மென்பொருளின் சொந்தக் கிடங்கு. இதைத்தான் நான் குறையாகக் கருதுகிறேன். ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையத்திலிருந்து தானாக இறக்கிய அட்டைகளைப் பாட்டுக் கோப்புக்குள் எழுதவில்லை. தனக்கே உரிய வடிவத்தில் தனிக் கோப்புறையில் வைத்துக்கொண்டது. பயனர் தம் கையால் ஒட்டிய படம் மட்டுமே கோப்புக்குள் சென்றது. இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரிந்தன. பாட்டுகளை வேறு கணினிக்கு நகலெடுத்த நாளில்தான், பாதி ஆல்பங்களுக்கு முகம் இல்லை என்பது தெரியவரும்.

இணையத்திலிருந்து அட்டையைக் கொண்டுவரும்போது, 'இது எந்த ஆல்பம்' என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். பெயரை மட்டும் ஒப்பிட்டால் பிழை நேரும். 'பில்லா' என்று தேடினால், 1980இல் எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்ததும் 2007இல் யுவன் சங்கர் ராஜா இசையமைத்ததும் ஒரே பெயரில் நிற்கும். இதைவிட நம்பத்தக்க வழி ஒலியையே ஒப்பிடுவது. அக்கூஸ்டிக்ஐடி என்ற திறந்த சேவை, பாட்டின் முதல் இரண்டு நிமிடங்களை எடுத்து, ஒவ்வொரு கணத்திலும் பன்னிரு சுரத்தானங்களில் எவை எவ்வளவு வலுவாக ஒலிக்கின்றன என்று கணக்கிட்டு, அதைக் கைரேகை போன்ற ஒரு குறியீடாகச் சுருக்குகிறது. கோப்பின் பெயர் எதுவாயினும், சுருக்கிய அளவு எதுவாயினும், ஒரே பதிவு ஏறத்தாழ ஒரே ரேகையைத் தரும். அந்த ரேகை மியூசிக்பிரைன்ஸ் என்ற இசைத் தகவல் தரவுத்தளத்தில் உள்ள பதிவைச் சுட்ட, அங்கிருந்து, 2012இல் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்துடன் சேர்ந்து தொடங்கப்பட்ட கவர் ஆர்ட் ஆர்கைவ் அட்டைப்படத்தைத் தருகிறது. பிக்கார்ட் என்ற இலவச மென்பொருள் இந்த வேலை முழுவதையும் செய்து, முடிவைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும்.

படம் கிடைத்த பின் அதைத் திரையில் காட்டுவதும் எளிதல்ல. 3000 பிக்சல் அகலமும் அதே உயரமும் கொண்ட அட்டை, வட்டில் சுருங்கி 3 மெகாபைட்டாக இருந்தாலும், காட்டுவதற்காக விரித்தால் பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் நினைவகத்தில் 36 மெகாபைட் பிடிக்கும். ஆயிரம் ஆல்பங்களை அப்படியே விரித்தால் 36 கிகாபைட். எனவே நல்ல மென்பொருள் இரண்டு காரியங்களைச் செய்கிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசைகளின் படங்களை மட்டும் விரிக்கிறது. ஒருமுறை செய்த சிறுபடத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. 200 பிக்சல் சிறுபடங்கள் ஆயிரம் சேர்ந்தாலும் 160 மெகாபைட்டைத் தாண்டாது. ஜேபெக்கின் அமைப்பும் இதற்கு உதவுகிறது. அது படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி ஒளியைத் தனியாகவும் நுணுக்கங்களைத் தனியாகவும் பதிகிறது. சராசரிகளை மட்டும் எடுத்தாலே எட்டில் ஒரு பங்கு அளவுள்ள படம் கிடைத்துவிடும். 3000 பிக்சல் படம் முழுக்க விரியாமலே 375 பிக்சலாக வெளிவரும். ஆல்பப் பட்டியலை உருட்டும்போது திணறும் மென்பொருளும் வழுக்கிக்கொண்டு போகும் மென்பொருளும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

தமிழ்த் திரைப்பாடல் சேகரிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மேற்கத்திய ஆல்பம் ஒன்றுக்குப் பெரும்பாலும் ஒரே கலைஞர். நம் படங்களிலோ ஆறு பாட்டுக்கு எட்டுப் பாடகர்கள். கலைஞர் பெயரையும் ஆல்பம் பெயரையும் சேர்த்துத் தொகுக்கும் பிளேயரில் ஒரே திரைப்படம் ஆறு ஆல்பங்களாகச் சிதறி, அதே அட்டை ஆறு முறை வரிசையாக நிற்கும். இதற்காகவே 'ஆல்பம் கலைஞர்' என்ற தனிப் புலம் இருக்கிறது. அதில் இசையமைப்பாளரின் பெயரை எல்லாப் பாட்டுக்கும் ஒன்றுபோல எழுதிவிட்டால், பாடகர் பெயர் அதனதன் இடத்தில் நிற்க, ஆல்பம் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

ஆகவே பிளேயரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அது கோப்புக்குள் எழுதுகிறதா, தனக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறதா என்பதையே. விண்டோஸில் ஃபூபார்2000, மியூசிக்பீ ஆகிய இரண்டும் இதில் தெளிவானவை. கோப்புக்குள் இருக்கும் படத்துக்கு முன்னுரிமையா, கோப்புறைப் படத்துக்கா என்பதை நாமே முடிவு செய்யலாம். லினக்ஸில் ஸ்ட்ராபெரி அதே பணியை நன்றாகச் செய்கிறது. விஎல்சி எந்தக் கோப்பையும் திறந்துவிடும் அருமையான கருவி. ஆனால் அதன் மனம் காணொளியில் இருப்பதால், ஆயிரக்கணக்கான பாட்டுகளைப் பேணும் வேலைக்கு அதைச் சொல்லமாட்டேன். சந்தேகமிருந்தால் ஒரு சோதனை போதும்: ஓர் ஆல்பத்தின் நகலை எடுத்து, புதிய பிளேயரில் அதன் அட்டையை மாற்றி, அந்தக் கோப்புகளை மட்டும் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்.

பழைய தமிழ் இசைத்தட்டுகள் பலவற்றின் உறைகளை இணையத்தில் தேடினாலும் கிடைப்பதில்லை. வீட்டில் தட்டு இருந்தால் நாமே ஸ்கேன் செய்யலாம். உறை 31 சென்டிமீட்டர் சதுரம். வீட்டு ஸ்கேனரோ ஏ4 தாளின் அளவுதான். ஆகவே பகுதி பகுதியாக எடுத்து ஒட்டி, பக்கத்துக்கு 1000 பிக்சலாகச் சுருக்கி, கோப்புக்குள் முன் அட்டைக்கான எண் 3இல் வைக்க வேண்டும். பின்னட்டையையும் விட்டுவிட வேண்டாம். பாடலாசிரியர், பாடகர் பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும். அதை எண் 4இல் வைத்தால், முன்னட்டையை மட்டுமே காட்டும் மென்பொருளில் அது தெரியாவிட்டாலும் கோப்போடு பத்திரமாக இருக்கும்; ஃபூபார்2000 போன்றவற்றில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே உறையைத் திருப்பிப் பார்ப்பதுபோல அதையும் திறந்து படிக்கலாம்.