செவிலியர் ஆய்வா, செவிலியல் ஆய்வா?

'நர்சிங் ரிசர்ச்' என்பதைச் சிலர் 'செவிலியர் ஆய்வு' என்று எழுதுகிறார்கள், சிலர் 'செவிலியல் ஆய்வு' என்கிறார்கள். ஓர் எழுத்து வித்தியாசம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் 'செவிலியர் ஆய்வு' என்றதும் ஒரு கேள்வி எழுகிறது: செவிலியர் செய்யும் ஆய்வா, செவிலியரைப் பற்றிய ஆய்வா? இத்துறை வளர்ந்த கதையே இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'நர்ஸ்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். பாலூட்டி வளர்ப்பவள் என்பதுதான் பழைய பொருள். இலங்கையிலும் மலேசியாவிலும் வழங்கும் 'தாதி' வடமொழி 'தாத்ரி'யிலிருந்து வந்தது, அதற்கும் பாலூட்டுபவள் என்றே பொருள். வேலைக்காரியையும் 'தாதி' என்று சொன்ன வழக்கு உண்டு என்பதால் தமிழ்நாட்டில் 'செவிலி' நிலைத்தது எனக்கு நல்லதாகவே படுகிறது. சங்கப் பாட்டில் செவிலி, தலைவியை வளர்த்த தாய். தோழி அவளுடைய மகள். 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். குறுந்தொகை 167ஆம் பாட்டில் இந்தச் செவிலி மணமான பெண்ணின் வீட்டுக்குப் போய்வந்து, பெற்ற தாயிடம் கண்டதைச் சொல்கிறாள். தயிர் பிசைந்த விரல், துவைக்காத சேலை, கண்ணில் ஏறிய தாளிப்புப் புகை, கணவன் 'நன்றாயிருக்கிறது' என்று உண்டபோது முகத்தில் மெல்லத் தெரிந்த மகிழ்ச்சி. இன்றைய வார்டில் இப்படிக் கவனித்து எழுதத் தெரிந்தவர் கிடைத்தால் பெரிய விஷயம்!

அடுத்து 'ஆய்வு'. நர்சிங் பாடக்குறிப்புகளில் ரிசர்ச் என்பதை 'ரி' தனி, 'சர்ச்' தனி என்று பிரித்து, 'மறுபடியும் தேடுவது' என்று விளக்கம் தருவார்கள். அது சரியில்லை. பழைய பிரெஞ்சில் அந்த முன்னொட்டு அழுத்தத்துக்கு வந்தது, துருவித் தேடுவது என்பதே பொருள். தமிழில் 'ஆய்தல்' என்றாலே நுணுக்கம்தான், தொல்காப்பிய உரியியல் அப்படித்தான் சொல்கிறது. ஒவ்வொரு தண்டாக எடுத்து, பூச்சி அரித்த இலையைத் தள்ளிக் கீரை ஆய்கிறோமே, அதே சொல்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். தொடக்கம் பிரிட்டனின் நர்ஸ் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த 1854 நவம்பரில் 38 பெண்களோடு அவர் துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அடுத்த பிப்ரவரியில் அங்கே இறப்பு நூற்றுக்கு 42 வரை போனது. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சுத்தம்செய்து, காற்றோட்டத்துக்கும் வழிசெய்த பிறகு அது மளமளவென்று குறைந்தது. ஊர் திரும்பியதும் நைட்டிங்கேல் அந்தக் கணக்குகளை வட்ட வரைபடங்களாக்கினார். தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. நீலமே படத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

அப்புறம் நெடுங்காலம் ஆய்வின் பார்வை நோயாளியை விட்டு நர்ஸ் பக்கம் திரும்பிவிட்டது. அமெரிக்காவில் 1923இல் வந்த கோல்ட்மார்க் அறிக்கை, 1948இல் வந்த எஸ்தர் லூசில் பிரவுன் அறிக்கை இரண்டுமே நர்சுகளின் படிப்பையும் பயிற்சியையும் பற்றியவை. பயனுள்ள வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது செவிலியரைப் பற்றிய ஆய்வு. 1952இல் அமெரிக்காவில் இத்துறைக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கிய காலத்தில்தான் பார்வை மெல்லப் பராமரிப்பின் பக்கம் திரும்பியது.

இந்த மாற்றத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிரிட்டனின் டோரீன் நார்ட்டன். படுக்கைப் புண் வராமலிருக்க அப்போது ஆளுக்கொரு களிம்பு, ஆளுக்கொரு திரவம் என்று முதுகில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நார்ட்டனும் கூட்டாளிகளும் முதியோர் வார்டில் ஆராய்ந்து 1962இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எதைத் தேய்க்கிறோம் என்பதில் பெரிய பலனில்லை, நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தைக் குறைப்பதே பலன் தரும். யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே கணிக்க ஓர் அளவுகோலும் தந்தார்கள். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கை கால் அசைவு, சிறுநீர்–மலம் அடக்க முடியாமை என்று ஐந்து கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டினால் 14 அல்லது அதற்கும் கீழே வருகிறவருக்கு ஆபத்து அதிகம். நர்ஸ் தன் கைவேலையிலிருந்து எழுந்த கேள்வியைத் தானே அளந்து விடை கண்டது இது. இதைத்தான் செவிலியல் ஆய்வு என்று சொல்ல வேண்டும்.

இந்தியாவில் 1946இல் டெல்லியிலும் வேலூர் சிஎம்சியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. முதுகலைப் படிப்பு 1959இல் டெல்லியில் வந்தது. இந்திய செவிலியல் ஆய்வுச் சங்கம் 1986இல்தான் உருவானது. இன்று பி.எஸ்சி. நர்சிங் மாணவர்களுக்கே ஆய்வும் புள்ளியியலும் பாடம்.

ஆகவே துறையைச் சொல்லும்போது 'செவிலியல் ஆய்வு' என்று எழுதலாம். நர்சுகளின் பணிச்சுமை, சம்பளம், மன அழுத்தம் போன்றவற்றை ஆராய்ந்தால் 'செவிலியர் குறித்த ஆய்வு' என்று விரித்தே எழுதிவிடலாம், குழப்பம் வராது. 'மருத்துவ ஆய்வு' என்று பொதுவாகப் போட்டுவிடுவது இரண்டுக்கும் பொருந்தாது.