லேத்ல கடைஞ்ச கட்டை தண்ணிக்குள்ள எப்படி நெளியுது?

நண்பர் ஒருத்தர் கையில பழைய மர லேத் ஒண்ணு வந்து சேர்ந்திருக்கு. அதுல ஆசையா ஒரு லூர் கடைஞ்சிருக்கார், அதாவது தூண்டில்ல இரைக்குப் பதிலா மாட்டுற மரமீன். வழவழன்னு, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே உருண்டை, மூக்குக்குக் கீழ நாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடும் வச்சிருக்கார். ஆனா தண்ணியில இழுத்தா நீந்தவே மாட்டேங்குது, தன்னைத்தானே சுத்திக்கிட்டு தூண்டில் நரம்பை முறுக்கிவிடுது. இவ்ளோ கச்சிதமா கடைஞ்சும் ஏன் இப்படின்னு கேட்டார். அந்தக் கச்சிதம்தான் காரணம்.

லேத் வேலை தெரிஞ்சதுதான். கட்டை ரெண்டு முனைக்கு நடுவுல சுத்துது, உளியை நாம பிடிச்சிருக்கோம், உளி எவ்ளோ ஆழம் போகுதோ அவ்ளோ சுத்திவர சீவிடும். கட்டில் காலோ பம்பரமோ லூரோ, எதைக் கடைஞ்சாலும் அச்சைச் சுத்தி சமச்சீராத்தான் வரும். மெஷின் பழசாகி லேசா ஆடினாலும் இதுக்குப் பரவால்ல, உப்புத்தாள்லயே சரி பண்ணிக்கலாம். லேத்தோட உண்மையான உதவி வேற: மூக்குல இருந்து வால் வரைக்கும் நட்டநடு அச்சுல துளை போடலாம், அதுக்குள்ள ஒரே கம்பியை விட்டு நரம்பையும் கொக்கியையும் அதுலயே மாட்டிட்டா மரம் பொளந்தாலும் மீன் தப்பாது.

இப்ப சிக்கல். உருண்டையான உடம்புல மிதப்பு விசையோட மையமும் அச்சுல இருக்கு, மரத்தோட எடை மையமும் அதே அச்சுல இருக்கு. அப்ப அதுக்கு முதுகு எது வயிறு எது? எதுவுமே இல்ல! எந்தக் கோணத்துல உருட்டிவிட்டாலும் அங்கேயே நிக்கும், திரும்பி வர காரணமே கிடையாது. அதனால லேத் கொடுத்த சமச்சீரை நாமளே உடைக்கணும், வயித்துப் பக்கம் துளை போட்டு ஒரு கனமான குண்டைப் புதைக்கணும். தள்ளிவிட்டா நிமிர்ந்து உக்கார்ற பொம்மை மாதிரிதான், கனம் கீழ இருந்தா சாய்ச்சாலும் நிமிரும். ஈயக் குண்டு தான் வழக்கம், ஆனா ஈயம் விஷம், அன்னப்பறவைகள் அதை முழுங்கி செத்ததால பிரிட்டன்ல 1987லயே தூண்டில்ல போடுற சின்ன ஈயக் குண்டுகளோட விற்பனைக்குத் தடை வந்துச்சு. கிடைச்சா டங்ஸ்டன் போடுங்க, ஈயம் ஒரு சிசிக்கு 11.3 கிராம்னா இது 19.3 கிராம், சின்ன துளையே போதும்.

குண்டு வெறுமனே நிமிர்த்தி மட்டும் வைக்கல, அதுதான் ஆட்டத்தோட ஸ்பிரிங். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதான், கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

ஓடுற தண்ணியில ஒரு குச்சியை நட்டு வைங்க, குச்சிக்குப் பின்னாடி தண்ணி நேரா போகாது, இடது பக்கம் ஒரு சுழல் உருண்டு கழண்டு போகும், அப்புறம் வலது பக்கம் ஒண்ணு, திரும்ப இடது, இப்படி மாத்தி மாத்தி. கார்மன் சுழல் வரிசைன்னு சொல்வாங்க, காத்துல கம்பி பாடுறதும் இதனாலதான். லூரோட நாக்கும் தண்ணியில இழுபடும்போது இதே வேலையைத்தான் செய்யுது. ஒரு விளிம்புல சுழல் உருவாகும்போது அந்தப் பக்கம் அழுத்தம் குறையுது, மூக்கு அந்தப் பக்கம் இழுபடுது. நாக்கு அச்சுக்குக் கீழ இருக்கறதால உடம்பும் கூடவே உருளுது. உருண்டதும் வயித்துக் குண்டு "வா"ன்னு திருப்பி இழுக்குது, அதுக்குள்ள அடுத்த விளிம்புல சுழல் கழண்டு எதிர்ப்பக்கம் தள்ளுது. சுழல் தள்ள, குண்டு இழுக்க, கட்டை நெளியுது. மோட்டார் இல்ல, மூட்டு இல்ல, ஒரு மரத்துண்டுதான்!

நொடிக்கு எத்தனை சுழல்னு கணக்கு கூட இருக்கு. வேகத்தை அகலத்தால வகுத்து, சுமார் 0.2ஆல பெருக்கணும். நாக்கு 2 செ.மீ. அகலம், இழுக்கற வேகம் நொடிக்கு அரை மீட்டர்னா நொடிக்கு ஏறக்குறைய 5 ஆட்டம். அந்த 0.2ங்கற எண்ணுக்கு ஸ்ட்ரூஹால் எண்ணுன்னு பேரு. ஆச்சரியம் என்னன்னா, உயிருள்ள மீன் சௌகரியமா நீந்தும்போது வால் வீசுற அகலத்தையும் தாளத்தையும் வேகத்தையும் வச்சு இதே கணக்கைப் போட்டா பெரும்பாலும் 0.2ல இருந்து 0.4க்குள்ள தான் விழுது. மரக்கட்டையும் மீனும் கிட்டத்தட்ட ஒரே தாளத்துல தண்ணியை அடிக்குது. இதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

சரி, இந்த ஆட்டத்தை எதிர்ல இருக்கற பெரிய மீன் எப்படிக் கண்டுபிடிக்குது? கண்ணால மட்டும் இல்ல. மீனோட விலாவுல தலையில இருந்து வால் வரைக்கும் ஓடுற பக்கக்கோடு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அது உணர்வு உறுப்புன்னு ஜெர்மன் ஆய்வாளர் லைடிக் 1850ல சொல்றதுக்கு முன்னாடி, வழுவழுப்பு சுரக்கற குழாய்னுதான் நினைச்சுட்டிருந்தாங்க. அதுக்குள்ள நுண்ணிய மயிர்செல்கள், தண்ணி லேசா அசைஞ்சாலும் சாயும். ஐரோப்பிய கெளுத்தி ஒண்ணு இருட்டுல, சின்ன மீன் 10 நொடி முன்னாடி விட்டுட்டுப் போன சுழல் தடத்தைப் பிடிச்சுக்கிட்டே போய் வேட்டையாடுறதை 2001ல காட்டினாங்க.

மீனோட விலாவை ஆராய எதுக்கு மக்கள் பணம்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நம்ம காதுக்குள்ள சத்தத்தை உணர்றதும் இதே வகை மயிர்செல்தான், நமக்கு செத்தா திரும்ப முளைக்காது, மீனுக்கு முளைக்கும். அதனால காது கேக்கற திறனைக் கெடுக்கற மருந்துகளை இன்னைக்கு வரிக்குதிரை மீனோட பக்கக்கோட்டுல வச்சு சோதிக்கறாங்க. 1850ல இது எதுக்குன்னு யாராலயாவது சொல்லியிருக்க முடியுமா? உடனே லாபம் காட்டுற ஆராய்ச்சிக்குத்தான் காசுன்னு சொல்றது எனக்கு ஒத்துக்கவே முடியாத விஷயம்.

மரத்துக்கு வருவோம். 10 செ.மீ. நீளம், நடுவுல 2 செ.மீ. தடிமன் இருக்கற லூர் சுமார் 21 சிசி, முங்கினா 21 கிராம் தண்ணியை விலக்கும். தேக்குல செஞ்சா மரமே 13, 14 கிராம் தின்னுடும், கொக்கி கம்பி பெயின்ட்டெல்லாம் போக குண்டுக்கு இடமே இல்ல. பால்சாங்கற ரொம்ப லேசான மரம்னா வெறும் 3 கிராம் தான், மிச்சம் தாராளமா குண்டுக்கு. குண்டு கனமாச்சுன்னா ஸ்பிரிங் விறைப்பாகும், சாய்ஞ்சா சட்டுனு நிமிரும். பின்லாந்துல லௌரி ரபலா 1936ல தக்கையை சீவி, சாக்லேட் சுத்தி வந்த மினுமினு தாளை ஒட்டி முதல் லூர் செஞ்சதுக்கும் அப்புறம் அவர் பால்சாவுக்குப் போனதுக்கும் பின்னாடி இந்தக் கணக்குதான் இருக்கு. கூட்டத்துல கொஞ்சம் தடுமாறி நீந்துற குட்டி மீனைத்தான் பெரிய மீன் குறிவைக்குதுன்னு அவர் பார்த்து வச்சிருந்தார். மரத்தைக் கடைஞ்சதும் எபாக்ஸியோ வார்னிஷோ ரெண்டு மூணு கோட் அடிச்சிடணும், தண்ணி உள்ள போனா எடை மாறி ஆட்டமே செத்துடும்.

சிலபேர் ஒரே ஒரு "ராசியான" லூரை வச்சுக்கிட்டு மத்ததைத் தொடவே மாட்டாங்க. அந்த ராசி பெரும்பாலும் குண்டு உக்கார்ந்த இடத்துலதான் இருக்கு. அளந்து நோட்டுல எழுதி வச்சா இன்னும் பத்து அதே மாதிரி கடைஞ்சுக்கலாம்.

நண்பர்கிட்ட குண்டை முதல்லயே புதைக்காதீங்க, ரப்பர் பேண்ட் போட்டு வயித்துல கட்டி வாளித் தண்ணியில மிதக்கவிட்டு, முன்னபின்ன நகர்த்திப் பார்த்துட்டு அப்புறம் துளை போடுங்கன்னு சொன்னேன். ரெண்டாவது லூர் அருமையா நெளிஞ்சுச்சு. வேகமா இழுத்தா மட்டும் கவுந்துடுதுன்னார். அது அப்படித்தான் ஆகும், வேகம் ரெண்டு மடங்கானா தண்ணி தள்ளுற விசை நாலு மடங்காகும், குண்டோட எடை அதேதானே இருக்கும். நாக்கை ரெண்டு மில்லிமீட்டர் குறைச்சு இப்ப மூணாவதைக் கடைஞ்சுட்டிருக்கார்.