பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள்

என்னிடம் வருபவர்களில் ஒரு ரகம் உண்டு. வெறும் வயிற்று சுகர் 108 என்று அழகாக இருக்கும். ரிப்போர்ட்டை நீட்டும்போதே முகத்தில் சிரிப்பு. அடுத்த தாளைப் புரட்டினால் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9 சதவீதம், ரொம்ப அதிகம். "லேப்ல ஏதாவது தப்பா இருக்குமோ டாக்டர்?"

லேபில் தப்பு இருப்பது அபூர்வம். சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதுவரை ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அந்த அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே வரும். எச்பிஏ1சி காட்டுவது அந்த இரண்டு மூன்று மாதக் கணக்கை. (ரத்தசோகை இருந்தால் இது மாறிக் காட்டும்; அதையும் பார்த்துவிடுவேன்.) டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் வாயைக் கட்டினால் காலை சுகர் இறங்கலாம், இந்தக் கணக்கு இறங்காது.

அப்புறம் விசாரித்தால் முந்தைய இரவு சாப்பிடவே இல்லை, ஆனால் மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டேன் என்பார்கள். எனக்குப் பயம் இங்கேதான். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சுகர் 70-க்குக் கீழே போய்விடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

சரி, காலையில் 108, எச்பிஏ1சி 9 என்றால் மீதிச் சர்க்கரை எங்கே ஒளிந்திருக்கிறது? பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தில். அதனால் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் ஜோடியாகப் பார்க்கச் சொல்கிறேன்: சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. பெரியவர்கள் பலருக்கும் இரண்டாவது எண் 180-க்குள் இருக்க வேண்டும். முதியவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்துவோம், கர்ப்பிணிகளுக்கு இறுக்குவோம். எந்த உணவு உங்களுக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்பது நான் தரும் உணவு அட்டவணையைவிட இதில் தெளிவாகத் தெரியும். குத்தும் முன் கையைக் கழுவித் துடைத்துவிடுங்கள்; பழம் உரித்த விரல் பொய் சொல்லும்.

சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு அதே சாப்பாட்டுக்கு இன்னொரு நாள் பாருங்கள். எண் இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு நடையைப் பற்றி நான் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

அந்த 108-காரர் அடுத்த முறை ஒரு நோட்டோடு வந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 240 என்று எழுதியிருந்தது. "திட்டாதீங்க டாக்டர்" என்றார். எதற்குத் திட்ட? மருந்தை எந்த வேளைக்கு மாற்ற வேண்டும் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.