அயர்லாந்து வணிகத் தம்பதியின் வம்சாவளி: தீயில் எரியாத ஏடுகள்

1922 ஜூன் 30 அன்று, அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதியும், அங்கே சேர்க்கப்பட்டிருந்த உயில்களும் அதோடு போயின. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளை அரசே அழித்துவிட்டதால், முழுமையாகக் கிடைப்பவற்றுள் பழையது 1901ஆம் ஆண்டுக்குரியதுதான். இதைக் கேள்விப்பட்டதும் பலர் தேடலைக் கைவிடுகிறார்கள். வேறு சிலர் இணையத்தில் யாரோ வரைந்த வம்சாவளியில் அதே குடும்பப் பெயரைக் கண்டவுடன் அதையே தம் முன்னோராக ஏற்றுக்கொள்கிறார்கள். தேடுவது வணிகக் குடும்பத்தை என்றால் இரண்டுக்கும் அவசியமில்லை.

1708இல் தொடங்கப்பட்ட பத்திரப் பதிவகம் டப்ளினிலேயே ஹென்ரியெட்டா தெருவில் தனியாக இருந்ததால் தப்பியது. கடை, கிடங்கு, குத்தகை, கூட்டு வியாபாரம் என்று சொத்து கைமாறிய இடமெல்லாம் வணிகர்கள் அங்கே பதிந்து வைத்தார்கள். அவற்றுள் நான் முதலில் தேடுவது திருமண ஒப்பந்தப் பத்திரத்தை. மணமகளின் தந்தை கொடுக்கும் தொகையையும், கணவன் இறந்தால் மனைவிக்குச் சேரவேண்டியதையும் காப்பதற்காக எழுதப்பட்ட அந்தப் பத்திரம், இரு குடும்பங்களின் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தந்துவிடுகிறது. ஆனால் அங்குள்ள பெயர் அட்டவணை, பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் பெயரில் மட்டுமே உள்ளது. 1833க்கு முந்தைய பெயர் அட்டவணையில் சொத்து இருந்த ஊரும் இராது. ஆகவே கணவனின் பெயரில் கிடைக்காதபோது மாமனார் பெயரிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

கார்க் நகரின் வெண்ணெய் வணிகர் ஒருவரைப் பற்றிய பணியில், 1780களின் வணிக டைரக்டரியில் அதே பெயரில் இருவர் இருந்தனர். வழியறியாமல் நின்றிருக்க வேண்டிய இடம் அது. திருமணப் பத்திரத்தில் சாட்சியாகக் கையொப்பமிட்ட தோல் வியாபாரி மனைவியின் உடன்பிறந்தவர் என்பதும், அவரே அத்தம்பதியின் மூத்த மகளுக்கு ஞானத்தந்தை என்பதும் தெரிந்த பிறகே இருவரையும் பிரித்தறிய முடிந்தது. சாட்சிகளின் பெயர்களை விட்டுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கத்தோலிக்கத் தம்பதியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 1778 வரை அவர்கள் 31 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை பெறவும், 1782 வரை நிலம் வாங்கவும் சட்டம் தடுத்தது. செல்வம் வணிகத்தில் முடங்கியதால் பழைய பத்திரங்களில் அவர்களை அரிதாகவே காண முடியும். அதைக் கொண்டு அவர்கள் அங்கே வாழவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் 1845 முதலும், அனைவரின் பிறப்பு, இறப்பு, திருமணங்கள் 1864 முதலும்தான் அரசுப் பதிவுக்கு வந்தன. ஆகவே 1850இல் மணந்த கத்தோலிக்கத் தம்பதியைத் தேவாலயப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். அப்பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாகவே தருகிறது. ஞானஸ்நானக் குறிப்பில் பெரும்பாலும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும்.

பிற்காலத் தம்பதிக்கு 1911 கணக்கெடுப்பு உதவும். மணமாகி எத்தனை ஆண்டுகள், பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்று அதில் கேட்டிருக்கிறார்கள். அதிலுள்ள வயதை மட்டும் நம்ப வேண்டாம்: 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்த பிறகு, பத்தாண்டுகளில் பதினைந்து வயது கூடியவர்களையும் அந்த ஏடுகளில் காணலாம்.