வெயில் பழகிய உடம்பு என்று இனியும் சொல்லாதீர்கள்

வெயிலில் வேலை செய்து சிறுநீரகம் கெட்டு இந்தக் கோடையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். போன வாரம் வந்த அம்மா இருபது வருடமாக உப்பளத்தில் உப்பு வாருகிறவர். கால் வீக்கம், வாந்தி. சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின், ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது, 4-ஐத் தாண்டியிருந்தது. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. அழைத்துவந்த மேஸ்திரி கேட்டார்: "இவர்களுக்கு வெயில் பழகியதுதானே, டாக்டர்?"

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. வெயிலுக்கு உடம்பு பழகும், உண்மைதான். ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். அப்படிப் பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், அதிகமாகவும் வியர்க்கும். ஆகவே பழகியவருக்குத்தான் தண்ணீர் கூடுதலாகத் தேவை. வியர்த்த அளவுக்குக் குடிக்காவிட்டால் இருபது வருடப் பழக்கமும் உதவாது. கை காய்த்துப்போகும்; சிறுநீரகம் காய்ப்பு ஏறுகிற உறுப்பல்ல. தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்து 2023இல் வெளியான ஆய்வில், 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. எல்லோரும் வெயில் பழகியவர்கள்தான்.

ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "ஒதுங்க இடம் ஏது, டாக்டர்?" என்றார். தூத்துக்குடி அளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். சாயங்காலம் உடம்புவலிக்கு மருந்துக்கடையில் டைக்லோஃபெனாக் வாங்கிப் போடுகிறார்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்கு அடுத்த அடி.

வானிலை அறிக்கையில் வருவது நிழலில் அளந்த வெப்பம். பாத்தியில் நிற்பவர்மீது மேலேயிருந்தும் வெயில், உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் வெயில். இரவில் தகரக் கூரையின் சூடு. காலநிலை மாறி ஏறுகிற ஒவ்வொரு டிகிரியும் முதலில் இவர்கள் முதுகில்தான் இறங்குகிறது. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறேன். சாகாமல் ஆண்டுக்கணக்கில் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பவருக்கு என்ன வழி?

அளம் நடத்துகிறவர்களே, கழிப்பறையும் நிழலும் குடிதண்ணீரும் கொடுங்கள். உச்சிவெயில் நேரத்தில் வேலையை நிறுத்துங்கள். அதற்காகக் கூலியில் கைவைக்காதீர்கள்.

வேலை செய்கிறவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். வலி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். யாராவது பேச்சுக் குழறினால், நிலைதடுமாறினால், நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், 108-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கோடை முடிவதற்குள் ஒருமுறை வந்து கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள், அம்மா. அரசு மருத்துவமனையில் காசு கேட்க மாட்டார்கள்.